குன்வோர் எண்ணிய ஓட்டுகள்

"இந்த மாசமும் அனெலி சொன்ன புஸ்தகம்தான்" என்று சீட்டுகளை எண்ணி முடித்து இங்கெமார் அறிவித்தபோது, குன்வோருக்கு வயிறு எரிந்தது. தொடர்ந்து ஐந்தாவது மாதம். குன்வோரின் புத்தகத்துக்கு விழுந்தது ஒரே ஓட்டு. அதுவும் அவளே போட்டது.

ஹார்னோசாந்த் ஊர் வாசகர் வட்டத்தில் மொத்தம் ஆறு பேர். ஆளுக்கொரு புத்தகம் சிபாரிசு செய்வார்கள். ஓட்டில் ஜெயிப்பதைப் படித்துவிட்டு வந்து பேச வேண்டும். பல் டாக்டர் அனெலி அட்டைப்படம் பார்த்துப் புத்தகம் வாங்குகிறவள். குன்வோர் அடிக்கோடு போட்டுப் படிப்பவள். கூட்டத்தில் மூச்சு விடாமல் பேசுவதும் அவள்தான். ஆனால் பெயர் என்னவோ அனெலிக்கு.

அடுத்த மாதம் குன்வோர் ஒல்லியான புத்தகமாகப் பார்த்துச் சொன்னாள். ஒரு ஓட்டு. அதற்கடுத்த மாதம் ஏலக்காய் பன் சுட்டு, ஓட்டெடுப்புக்கு முன்பே பரிமாறினாள். ஆளுக்கு மூன்று தின்றுவிட்டு அனெலிக்கே போட்டார்கள். அனெலி செய்முறையை எழுதி வாங்கிப்போய், மறுமாதம் தானும் சுட்டு வந்தாள். அது இன்னும் மெத்தென்று இருந்ததாம்.

பொறுத்தது போதும் என்று, இங்கெமாரின் மூக்குக்கண்ணாடியைச் சோபா மெத்தைக்கு அடியில் தள்ளிவிட்டாள் குன்வோர்.

"நீங்க ஏன் சிரமப்படறீங்க? நான் எண்ணுறேன்."

ஐந்து சீட்டில் அனெலியின் புத்தகம். குன்வோர் கண் இமைக்காமல் தன்னுடையதை நான்கு முறை வாசித்தாள். மரியாதைக்கு அனெலிக்கு இரண்டு.

மறுமாதக் கூட்டம் குன்வோர் வீட்டில். மற்றவர்கள் மனம்விட்டுப் பேசட்டும் என்பதற்காக, சிபாரிசு செய்தவர் கடைசிவரை வாய் திறக்கக் கூடாது என்பது வட்டத்தின் விதி. குன்வோர் கைகட்டி உட்கார்ந்து பாராட்டுக்குக் காத்திருந்தாள்.

யாரும் பேசவில்லை. காபி ஆறிப்போனது. அனெலி புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "கலர் நல்லாயிருக்கு" என்றாள்.

"யாருப்பா இவளுக்கு ஓட்டுப் போட்டது?" என்று அனெலியே கடைசியில் கேட்டாள். நான் இல்லை, நான் இல்லை என்று ஒவ்வொருவராகத் தலையாட்டினார்கள். குன்வோர் ஆறிய காபியை எடுத்துக் கடகடவென்று குடித்தாள்.

இங்கெமார் பெருமூச்சு விட்டார். "நம்ம ஆறு பேர்ல புஸ்தகத்தைப் படிக்கிறது இவ ஒருத்திதான். இவ வாயையே கட்டிப்போட்டா, அப்புறம் நமக்குக் கதையை யாரு சொல்றது?"