ஏழாவது சோலனாய்டின் மௌனம்

லின்ஸ் நகரில் சகல சௌக்கியங்களுடன் இருக்க வேண்டிய அன்பு மைத்துனன் ராடோசாவுக்கு, கிராகுயெவாட்ஸிலிருந்து அத்தான் வுகாஷின் எழுதுவது. இங்கே யாவரும் நலம், உன் அக்கா தெசாங்கா நாலு நாளாக என்னோடு பேசுவதில்லை என்பதைத் தவிர.

நீ எங்களிடம் விட்டுவைத்த காரைத் திங்களன்று பழைய இரும்புக்குப் போடச் சொல்லிவிட்டாயாம். கொஞ்சம் பொறு. முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு என் இடது காலால் கிளட்ச் மிதிக்க முடியாது. நான் ஓட்டக்கூடிய ஒரே வண்டி இந்த ஆட்டோமேட்டிக்தான். இது போனால் நான் வீட்டோடு கிடக்க வேண்டியதுதான். மூன்றாவது கியரை விட்டு நகரமாட்டேன் என்று அடம்பிடிக்கிறது, உண்மை. மெக்கானிக் "கியர்பாக்ஸையே மாத்தணும்"னு கையை விரிச்சிட்டான், அதுவும் உண்மை. ஆனால் முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ரிலே சத்தம் கேட்ட காது இது. கியர்பாக்ஸுக்குள்ளே ஏழு சோலனாய்டு இருக்காம். கரண்ட் கொடுத்தா டிக்குனு ஒரு கம்பியை உள்ளே இழுத்து எண்ணெய்க்கு வழி விடுமாம். அட, நம்ம ரிலேவுக்குத் தம்பி! கழற்றிப் பார்க்காமல் எப்படி இருப்பது?

சாப்பாட்டு மேஜையில் வரிசையாக வைத்தேன். மீட்டரில் ஏழும் சரியான மின்தடை காட்டின. மோட்டார் சைக்கிள் பேட்டரியில் தொட்டால் ஏழும் டிக். அன்று நம் வீட்டுக் காவல் புனிதர் நிக்கோலாவின் திருநாள் என்பது, வாசலில் விருந்தாளிகளைப் பார்த்ததும்தான் நினைவுக்கு வந்தது. அன்றைக்கு யாரையும் அழைப்பதில்லை, வந்தவருக்கு எதையும் மறுப்பதுமில்லை. "மேஜையைக் காலி பண்ணுங்க, மீன் வைக்கணும்"னு உன் அக்கா கத்துறா. திருநாள் ரொட்டியை மந்திரித்து வெட்ட வந்த பாதிரியார் கோய்கோவோ, அங்கியைச் சுருட்டிக்கிட்டு, "வுகாஷின், ஒரே ஒரு தடவை நான் தொட்டுப் பாக்கட்டுமா?"ங்கிறார். மாட்டேன்னு சொல்ல முடியுமா? அவருக்குப் பின்னால் இருபத்திரண்டு பேர், ஆளுக்குப் பத்து டிக்.

"ஆறினப்ப எல்லாம் ஒழுங்காத்தான் இருக்கும், சூடாக்கிப் பாருங்க" என்றார் ஒரு பஸ் டிரைவர். நியாயம்தானே? அடுப்பு முழுக்க மீன். மிச்சம் எரிந்தது திருநாள் மெழுகுவர்த்தி மட்டும். ஏழாவதை அதில் காட்டினேன். உன் அக்கா அலறியது லின்ஸுக்கே கேட்டிருக்கும். சூடானதைப் பேட்டரியில் தொட்டேன். சத்தமே இல்லை! மறுபடியும் இல்லை. குற்றவாளி அகப்பட்டான்! பாதிரியார் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார். நான் அவனைக் கோழிக்கூண்டுப் பக்கம் வீசினேன். இனிப் புதியது ஒன்று வாங்கி மாட்டினால் தீர்ந்தது.

ஆகவே இரும்புக்காரனை வரவேண்டாம் என்று சொல்லிவிடு. பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். நீ போகும் சாலையெல்லாம் பனி வழுக்காமல் புனிதர் நிக்கோலா பார்த்துக்கொள்ளட்டும்.

உன் அத்தான்,
வுகாஷின்

பி.கு.: மேலே உள்ளதை நம்பாதே. இன்று காலை ஓர் ஆசைக்கு மற்ற ஆறையும் தொட்டுப் பார்த்தேன். அவையும் மௌனம். அத்தனை டிக்கில் செத்தது பேட்டரி. ஏழாவதைக் கோழி எச்சத்திலிருந்து மீட்டுக் கழுவி, எல்லாவற்றையும் மாட்டினேன். வண்டி மூன்றாவது கியரிலேயே நின்றது. படியில் உட்கார்ந்து அழுதேன், உன்னிடம் மறைப்பானேன். அப்போதுதான் உன் அக்கா வாய் திறந்தாள்: "ஏழும் நல்லா இருக்குன்னா, அதுக்குக் கரண்ட் கொண்டு வர்ற ஒயரைப் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை, ராடோசாவ். கியர்பாக்ஸில் செருகும் பிளக் முழுக்கப் பச்சைக் களிம்பேறிக் கிடந்தது. பழைய டூத் பிரஷ்ஷாலும் திருநாளில் மிஞ்சிய பிளம் சாராயத்தாலும் அவளே தேய்த்து, காயவைத்து, அழுத்திச் செருகினாள். டிக். டோபோலா ஊர் வரை நான்காவது கியரில் போய் வந்தோம். ஓட்டியது நான். வழி முழுக்கப் பேசியது அவள்.