சமையல்காரன் ஓடிப்போன ராஜா

"வாய்ப்பாட்டைக் கிளி மாதிரி ஒப்பிக்கிறதெல்லாம் ஒரு படிப்பா? நாளையிலிருந்து நம்ம பிள்ளைங்களுக்கு வீடுதான் பள்ளிக்கூடம்! கதை சொல்லு, கையால செய்ய வை. அதான் கல்வி!" என்று சித்தூரே அதிரும்படி முழங்கினேன்.

உங்களிடம் மட்டும் உண்மையைச் சொல்கிறேன். இதில் கல்வியும் கிடையாது, கத்தரிக்காயும் கிடையாது. என் மனைவி ஞானசௌந்தரி டீச்சர் டிரெய்னிங் முடித்தவள். புத்தலப்பட்டு மிஷன் பள்ளியில் ஒரு டீச்சர் வேலை காலி. அந்தப் பள்ளிக்கு மேனேஜர் எங்கள் சபைப் போதகர் தேவானந்தம் ஐயர். "அறுப்பின் பண்டிகை வரைக்கும் உனக்காக வெச்சிருப்பேம்மா. அப்புறம் வேற ஆளைப் போட்டுடுவேன்" என்று அவர் கெடு வைத்துவிட்டார். இவள் காலை பஸ் ஏறிவிட்டால் எனக்குச் சுடச்சுட இட்லி யார் போடுவது? பயத்தில் தூக்கமே போச்சு. பிள்ளைகளை வீட்டில் நிறுத்தினால் அவளும் நிற்பாள். எப்படி என் மூளை?

"நெசமாத்தான் சொல்றீங்களா?" என்றாள்.

"டிரெய்னிங் படிச்சவ நீ இருக்கச்சொல்ல பிள்ளைங்க எதுக்கு வெளிய போவணும்?"

"கதை, கைவேலை. அவ்ளோதானே?"

"அவ்ளோதான்."

"நான் பாடம் நடத்தச்சொல்ல நடுவுல வந்து நொட்டை சொல்லக்கூடாது."

"மூச்சு விடமாட்டேன்!"

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டாளே! எதற்கும் இருக்கட்டும் என்று ஞாயிற்றுக்கிழமை ஐயரைப் பார்த்து, சபையார் நடுவில் சத்தமாகவே சொல்லிவைத்தேன்.

"சின்னப் பிள்ளைங்க ஐயரே! அம்மா இல்லாம ஒரு வாய் துன்னுமா? அதுங்களே சமைச்சுத் துன்னுற அன்னைக்கு, நானே இவளை பஸ் ஏத்தி விடறேன்!"

"ஆகட்டும் எர்னஸ்ட்" என்றார் ஐயர்.

அந்த வாரமே ரசம் உப்புக் கரித்தது.

"இன்னைக்கு என்னா பாடம்மா?" என்று மகள் மேரியைக் கேட்டேன்.

"சமையல்காரன் ஓடிப்போன ராஜா கதை நைனா. ராஜா பசியில அழுதுகினு இருக்கான்."

"அப்புறம்?"

"கதை இன்னும் முடியலீங்க" என்று ஞானசௌந்தரி குறுக்கே வந்தாள்.

"ரசம் ஏன் இப்படி இருக்குது?"

"ஏன், எனக்குக் கை தவறக்கூடாதா?"

மூச்சு விடமாட்டேன் என்று சொன்னவன் நான். விடவில்லை. தோசை தீய்ந்தது, சோறு குழைந்தது. அத்தனையையும் விழுங்கினேன். ஆபீசில் கூட வேலை பார்க்கும் வேதாச்சலம், "என்னாய்யா, வரவர எலும்பா போய்க்கினு இருக்கே?" என்று விசாரித்தான். பிறகு என்ன மாயமோ, சாப்பாடு தேறியது. தேறியது என்ன, அமிர்தமாகிவிட்டது! வேலை ஆசை விட்டுப்போய் மனசு அடுப்படியில் நிலைத்துவிட்டது என்று பூரித்துப்போனேன்.

பண்டிகையும் வந்தது. அவரவர் வீட்டில் விளைந்ததையும் செய்ததையும் கோயிலுக்குக் கொண்டுவந்து படைத்து, ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவது எங்கள் வழக்கம். ஏலம் முடிந்தால் ஐயர் வைத்த கெடுவும் முடிந்தது. பூசணிக்காய் போனது. சேவல் போனது. கடைசியில் எங்கள் வீட்டு அதிரசத் தட்டு.

வேடிக்கை பார்க்க வந்த வேதாச்சலம் ஏலத்தை ஏற்றிவிட்டான். விடுவேனா? எடுத்தேன். அங்கேயே ஒன்றைக் கடித்தேன். அடடா!

"பாத்தீங்களா ஐயரே! இந்தக் கைப்பக்குவத்தைப் போய் புத்தலப்பட்டுக்கு அனுப்பச் சொல்றீங்களே, நியாயமா?"

ஐயர் ஞானசௌந்தரி பக்கம் திரும்பினார். "நீ சுட்டதாம்மா?"

"நான் அடுப்படிப் பக்கமே போகலீங்க ஐயா. பிள்ளைங்களைக் கேளுங்க."

மேரி எழுந்தாள். "அரிசி ரெண்டு பங்கு, வெல்லம் ஒரு பங்கு. நான்தான் மாவு இடிச்சேன்."

"பாகை தண்ணியில விட்டா கையில உருளணும். நான்தான் பதம் பாத்தேன்!" என்றான் சின்னவன் சுந்தர்சிங்.

"நீங்க சொன்ன கைவேலைதாங்க" என்றாள் ஞானசௌந்தரி. "ரெண்டு மாசமா நீங்க துன்னதெல்லாம் பாடம்."

கடித்த அதிரசத்தைத் தட்டிலேயே திருப்பி வைத்தேன்.

"எர்னஸ்ட்" என்றார் ஐயர். "பஸ் ஏத்தி விடறேன்னு சபையில சொன்னியே?"

"அது... இதுங்க வீட்டுப் படிப்பு என்னாவறது?"

"அம்மாகூட எங்க ஸ்கூலுக்கே வரட்டும்!" என்றார் ஐயர்.

"அப்போ எனக்குச் சோறு?" என்று அலறினேன். சபையே சிரித்தது.

திங்கட்கிழமை காலை மூவரையும் நானே பஸ் ஏற்றிவிட்டேன். புத்தலப்பட்டு பஸ் புறப்படும்போது மேரி ஜன்னலில் தலையை நீட்டினாள்.

"நைனா! அந்த ராஜா கதை நேத்துதான் முடிஞ்சுது!"

"கடைசியில ராஜா என்னாம்மா பண்ணான்?"

"கண்ணைத் துடைச்சுக்கினு அடுப்பு மூட்டினான் நைனா. நாங்க சாயந்தரம் பசியோட வருவோம்!"