நாரைகளுக்கு நடுவே ஓர் அறிவிப்பு

"மெதுவா, மெதுவா" என்று அறிவிப்பாளர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அதுவே கொஞ்சம் பலமாகப் போய்விட்டது. குளக்கரை நடைபாதையின் நுழைவாயில் மேல் உட்கார்ந்திருந்த காக்கைகள் இரண்டும் இடத்தைக் காலி செய்தன.

பேருந்து நிலையத்தில் வண்டிகளின் வரவு, போக்கை அறிவிப்பது அவர் வேலை. ஒருமுறை ஒலிபெருக்கி பழுதாகி வாரக்கணக்கில் கிடந்தது. அவர் உட்பட யாரும் அதைக் கவனிக்கவில்லை. வருங்கால மாப்பிள்ளையின் அப்பாவைப் பார்க்கப் போகும்போது அப்பேர்ப்பட்ட குரலை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகும்படி மகள் உத்தரவு போட்டிருந்தாள்.

"அப்பா, அவரோட அப்பா அநாவசியமா ஒரு வார்த்தை பேசமாட்டாராம். வீட்ல யாராவது பேச ஆரம்பிச்சாலே முகத்தைச் சுளிச்சுக்கிட்டு எழுந்து போயிடுவாராம். பறவைங்களோட இருந்தாத்தான் அவருக்கு நிம்மதியாம். தயவுசெஞ்சு அங்க போய் உங்க பஸ் ஸ்டாண்டைத் திறந்துடாதீங்க!"

"நான் எப்பம்மா கத்தினேன்?"

பக்கத்து வீட்டில் யாரோ ஜன்னலைச் சாத்தினார்கள்.

பையன் மகளே பார்த்துப் பிடித்த பையன். பையனின் அப்பாவைத் தெரிந்தவர்கள் எல்லாரும் பறவைக்காரர் என்றுதான் சொல்வார்கள். அவர், 'பொண்ணோட அப்பாகூட ஒரு நாள் நடந்து பார்த்துட்டு முடிவு சொல்றேன்' என்று மட்டும் சொல்லியிருந்தார். ஆக, இந்த நடை கெட்டால் மகளின் கல்யாணமும் கெட்டது.

நடை என்னவோ சுலபமானதுதான். ஏற்றமில்லை, இறக்கமில்லை. குளங்களுக்கு நடுவே மண் பாதை; சேறு வரும் இடங்களில் மரப்பலகைப் பாலம். பறவைக்காரர் கழுத்தில் பைனாகுலரோடு முன்னால் போனார். அவர் மனைவி, முழங்கால் வலியோடு, டீ ஃபிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு வெகு பின்னால் வந்துகொண்டிருந்தார்.

"இடம் ரொம்ப அழகா இருக்குங்க" என்றார் அறிவிப்பாளர், குரலின் கழுத்தை நெரித்து.

பறவைக்காரர் திரும்பி முகத்தைச் சுளித்தார்.

ஐயையோ, இதுவே அதிகமா? அறிவிப்பாளர் இன்னும் இறங்கினார். தண்ணீரில் மூழ்கி மூழ்கி எழுந்த குட்டிப் பறவையைப் பார்த்து, "அது என்னங்க?" என்று மூச்சுக்காற்றிலேயே கேட்டார்.

பறவைக்காரர் கிட்டே வந்தார். இன்னும் கிட்டே வந்தார். மூக்கோடு மூக்கு இடிக்கும் தூரத்தில் நின்று முறைத்தார். அறிவிப்பாளர் இரண்டடி பின்வாங்கினார். ஒரு நாணல் புதருக்குப் பின்னால் ஒதுங்கி மகளுக்குச் செய்தி தட்டினார்: 'சத்தத்தைக் குறைச்சுட்டேன். அப்பவும் முறைக்கிறார்.'

'இன்னும் குறைங்கப்பா!' என்று பதில் வந்தது.

இதற்கும் கீழே குறைக்க அவரிடம் சரக்கு இல்லை. உதட்டை மட்டும் அசைக்க ஆரம்பித்தார்.

மகளுக்கு இருப்புக்கொள்ளவில்லை போலும், போன் செய்துவிட்டாள். அறிவிப்பாளர் போனில் வைத்திருந்தது பேருந்து ஹாரன் சத்தம். அவர் போனை அக்குளில் திணித்து அமுக்குவதற்குள், கரையோரம் மேய்ந்துகொண்டிருந்த நீர்க்கோழிகள் கூட்டமாகக் கிளம்பிவிட்டன.

"நல்லாத்தானே மேஞ்சுக்கிட்டு இருந்துச்சு... என்ன ஆச்சு இதுங்களுக்கு?" என்று பறவைக்காரர் வானத்தைப் பார்த்துக் கேட்டார்.

தெரிந்தும் தெரியாத மாதிரி இருக்கிறாரே! என்ன பெருந்தன்மை! அறிவிப்பாளருக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படிப்பட்ட மனிதர் வீட்டில் மகள் வாழவேண்டும் என்று மனசுக்குள் உறுதி செய்துகொண்டார்.

சரியாக அப்போது பறவைக்காரர் நின்றார்.

"நேராவே கேட்டுடறேன். உங்க பொண்ணை எங்க வீட்டுக்குக் கொடுக்க உங்களுக்கு முழுச் சம்மதம்தானே?"

"முழுச் சம்மதங்க!" என்றன அறிவிப்பாளரின் உதடுகள்.

பறவைக்காரரின் முகம் வாடியது. "ம்... யோசிக்கவேண்டிய விஷயம்தான்."

"யோசிக்க ஒண்ணுமே இல்லீங்க!" என்று தவித்தார் அறிவிப்பாளர், அதே காற்றுக் குரலில்.

"சரி, அப்ப உங்க இஷ்டம்" என்று பெருமூச்சு விட்டுவிட்டுப் பறவைக்காரர் விறுவிறுவென்று பலகைப் பாலத்தில் ஏறினார்.

போச்சு. எல்லாம் போச்சு. எங்கே தப்பு நடந்தது என்றுகூடப் புரியாமல் அறிவிப்பாளர் பின்னாலேயே ஓடினார்.

பாலத்தின் நடுவில் பறவைக்காரருக்கு ஒரு மீன்கொத்தி கிடைத்தது. பைனாகுலரைக் கண்ணில் ஒட்டிக்கொண்டு, அது உட்கார்ந்திருந்த கொம்பு சரியாகத் தெரிவதற்காக, பின்பக்கமாக ஓரடி வைத்தார். இன்னோர் அடி வைத்தார். அவருக்குப் பின்னால் தடுப்புக் கம்பி உடைந்து, பாலத்தின் விளிம்பு மொட்டையாக இருந்தது. கீழே இடுப்பளவு சேறு.

"பாத்துங்க..." என்று அறிவிப்பாளர் கிசுகிசுத்தார். பறவைக்காரர் இன்னோர் அடி வைத்தார்.

"பின்னால பாருங்க..."

இன்னோர் அடி.

அவ்வளவுதான். அறிவிப்பாளருக்கு மகள் மறந்துபோனாள், கல்யாணம் மறந்துபோனது. காலையிலிருந்து அமுக்கி வைத்திருந்த குரல் பாய்ந்துகொண்டு வெளியே வந்தது. அவசரத்துக்கு அதற்குத் தெரிந்த மொழியும் ஒன்றுதான்.

"பயணிகள் கவனத்திற்கு! பின்னோக்கி வந்துகொண்டிருக்கும் வண்டி இருந்த இடத்திலேயே நிறுத்தப்படுகிறது! பின்னால் வழி இல்லை! பின்னால் வழி இல்லை!"

குளமே எழுந்து பறந்தது. நாரைகள், கொக்குகள், வாத்துகள், இத்தனை நேரம் நாணலுக்குள் ஒளிந்துகொண்டிருந்த பெயர் தெரியாதவை எல்லாம் கிளம்பின. அடுத்த குளமும் காலியானது. தூரத்தில், பறவைகளை ஒளிந்திருந்து பார்க்கும் மறைகுடிலில் கேமராவோடு காத்திருந்த ஒருவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

பறவைக்காரர் நின்றிருந்தார். அவர் குதிகால் பாதி அந்தரத்தில் இருந்தது. மெதுவாகப் பைனாகுலரை இறக்கினார். அறிவிப்பாளர் கண்ணை மூடிக்கொண்டார்.

"சம்பந்தி!"

கண்ணைத் திறந்தால், பறவைக்காரர் அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நிற்கிறார். முகமெல்லாம் சிரிப்பு.

"இப்படிப் பேசுங்க சம்பந்தி! மனுஷன்னா இப்படித்தான் பேசணும்! இவ்வளவு நேரம் எங்க வச்சிருந்தீங்க இந்தக் குரலை? கல்யாணத்தை எப்ப வச்சுக்கலாம்?"

"நாளைக்கே வச்சுக்கலாம்ங்க!" என்றார் அறிவிப்பாளர், பேருந்து நிலையம் முழுவதற்கும் கேட்கும்படி. மிச்சமிருந்த ஒற்றை நாரையும் கிளம்பிப் போனது.

பிறந்ததிலிருந்து 'கொஞ்சம் குறைச்சுக்கோ' என்பதை மட்டுமே கேட்டுப் பழகியவருக்கு அன்றுதான் விடுதலை. வாய் நிறையப் பேசினார். எதிரே வந்தவர்கள் முறைத்ததை எல்லாம் ராஜா மாதிரி வாங்கிக்கொண்டார். பறவைக்காரர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிச் சிரித்தபடி காலி வானத்தை ரசித்துக்கொண்டு முன்னால் போனார்.

ஃபிளாஸ்க்கோடு அவர் மனைவி ஒருவழியாக வந்து சேர்ந்தார். அறிவிப்பாளர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஏம்மா, பறவை எல்லாத்தையும் விரட்டிட்டேன். அவர் அமைதியை விரும்புறவர்னு சொன்னாங்க. கோபமே படலையே?"

அந்த அம்மாள் டீயை ஊற்றி நீட்டிவிட்டு, பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்:

"பெத்த பையனுக்கே தெரியாம மறைச்சு வச்சிருக்கார், நீங்களும் வெளிய சொல்லிடாதீங்கண்ணா... இத்தனை வருஷத்துல அவர் காதுல முழுசா விழுந்த முதல் பேச்சு உங்களோடதுதான்."