சாலமனின் கார் தாழ்ந்த வரலாறு

சோழவரத்தில் கார்ப் பந்தயம் பார்த்துவிட்டு வந்த ஞாயிற்றுக்கிழமை மாலை, பழவேற்காட்டு சாலமன் ஒரு வரலாற்றுச் சிறப்புமிக்க தீர்மானத்தை நிறைவேற்றினான். கூட்டம் அவன் வீட்டு முகம் பார்க்கும் கண்ணாடி முன்னால் நடந்தது. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. கூட்டத்துக்கு வந்திருந்தது அவன் ஒருவன்தான்.

"இனி என் காரில் இறால் கூடை ஏறாது!"

முன்மொழிந்தவனும் அவன். வழிமொழிந்தவனும் அவன். இதை மனைவி செசிலியாவிடம் அறிவிக்க வேண்டும் என்ற துணைத் தீர்மானம் மட்டும் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்டது.

கார் சாமானியமான கார் அல்ல. சிவப்பு பியட். சென்னையில் ஒரு பல் டாக்டரின் மகன் பந்தயத்துக்கென்றே வாங்கி, இஞ்சினை முறுக்கேற்றி, பானெட்டின் மேல் இரண்டு வெள்ளைக் கோடு இழுத்து, சோழவரத்தில் ஓட்டி நான்காவதாக வந்த வண்டி. அன்று ஓடியவையே நான்கு வண்டிகள்தான் என்பதைச் சாலமன் யாரிடமும் சொன்னதில்லை. பல் டாக்டர் மகனிடமிருந்து காரைப் பிடுங்கி விற்றார். சாலமன் வாங்கி வாடகைக்கு ஓட்டினான். கல்யாணமா, ஆஸ்பத்திரியா, அனுப்பம்பட்டில் ரயில் பிடிக்க வேண்டுமா, சாலமன் வண்டிதான்.

அந்த ராஜ வாழ்க்கைக்குள் இறால் நுழைந்த கதை இது. ஏரி இறாலைப் பொன்னேரிச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்கும் பெண்கள் பத்துப் பேர். செசிலியா, இந்திராணி, மெக்கானிக் மாணிக்கத்தின் மனைவி ருக்கு, இன்னும் ஏழு பேர். பஸ்ஸில் கூடை ஏறக் கூடாது என்று கண்டக்டர் மூக்கைப் பிடித்துக்கொண்டே விசில் ஊதினார். மூக்கைப் பிடித்துக்கொண்டு விசில் ஊதுவது லேசான காரியம் அல்ல. ஏழையின் மேல் அத்தனை வெறுப்பு இருந்தால்தான் வரும். பெண்கள் சும்மா இருக்கவில்லை. சங்கம் அமைத்தார்கள். செசிலியாவைத் தலைவியாக்கி, வேன் கேட்டு மனு கொடுத்தார்கள். மனு பரிசீலனையில் இருந்தது. பரிசீலனை என்பது தூங்கும் காகிதத்துக்கு அரசாங்கம் போர்த்திவிடும் போர்வை.

"பதினஞ்சே நாளுயா. வேன் வர்ற வரைக்கும் கூடைங்க உன் வண்டியில போவட்டும்" என்றாள் செசிலியா.

பதினைந்து நாள் இரண்டு வருடம் ஆனது. மனு மூன்று முறை திரும்பி வந்தது. காரின் மெத்தை, கூரைத் துணி, ஸ்டியரிங் எல்லாம் இறாலாக மணந்தன. சாயங்காலம் டிக்கியைச் சுற்றித் தெருப் பூனைகள் மாநாடு போட்டன. பஷீர் பாய் வீட்டுக் கல்யாணத்தில் மாப்பிள்ளை ஊர்வலம் போனபோது, பின்னால் வந்தவர்களில் பதினோரு பேர் பூனைகள்.

சாலமன் எத்தனை நாள் பொறுப்பான்? சோழவரத்தில் அவனுக்கு விடை கிடைத்தது. அங்கே பந்தயக் கார்கள் பாயப் பதுங்கிய புலி மாதிரி தரையோடு தரையாக நின்றன. "ஸ்பிரிங்கை வெட்டி இறக்கியிருக்காங்க. பாரம் ஏத்த லாயக்குப்படாது" என்று பக்கத்தில் நின்ற ஒருவர் சொன்னார். சாலமன் காதில் ஆலய மணி அடித்தது. காரும் அழகாகும், கூடையும் ஒழியும். ஒரே வெட்டு!

திங்கட்கிழமை காலை மாணிக்கத்தின் பட்டறைக்குப் போனான்.

"முன்னாடி ஸ்பிரிங்கு ரெண்டுலயும் ஒவ்வொரு சுத்து வெட்டு. பின்னாடி ஒரு பட்டை."

"பட்டையா? காலையிலேயேவாண்ணே?"

"டேய், அந்தச் சாராயப் பட்டை இல்லடா! பின் அச்சுல கீற கமான் பட்டை! ஒண்ணை உருவு."

"வெட்டினது ஒட்டாதுண்ணே. அப்புறம் வண்டி பாரம் தாங்காது."

"அதாண்டா வேணும்!" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான் சாலமன். "அதாவது, அழகு வேணும்னேன்."

மாணிக்கம் தலையைச் சொறிந்தான். பட்டறைக்குப் பின்னால் ருக்கு கூடை கழுவும் சத்தம் கேட்டது. "நாளைக்கு வாண்ணே" என்றான்.

மறுநாள் கார் புலியாக நிற்கவில்லை. ஆமையாக உட்கார்ந்திருந்தது.

"நான் ஒரு சுத்துதானடா சொன்னேன்?"

"பழைய ஸ்பிரிங்குண்ணே. தானா உக்காந்துக்கிச்சு" என்று மாணிக்கம் வேறு எங்கோ பார்த்தபடி சொன்னான். வெட்டிய இரண்டு இரும்பு வளையங்களைச் செய்தித்தாளில் சுற்றிக் கையில் கொடுத்தான். வெற்றிச் சின்னம்போல அவற்றை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான் சாலமன்.

செசிலியா வாசலுக்கு வந்தாள். இடுப்பில் கை வைத்துக் காரைப் பார்த்தாள்.

"இன்னாயா இது, வண்டி முட்டி போட்டுக்கினு கீது? ஜெபம் பண்ணுதா?"

"ரேஸ் வண்டின்னா இப்படித்தான் இருக்கும். உனக்குத் தெரியாது."

"அடியில வெளக்குமாறுகூட நுழையாது போல கீதே."

"அதத்தான் சொல்ல வந்தேன் செசிலி. இனிமே இதுல பாரம் ஏத்த முடியாது. கூடை வெச்சா டயரு மட்காடுல ஒரசும்." இதை வருத்தத்தோடு சொல்ல அவன் அரும்பாடுபட்டான். முகம்தான் ஒத்துழைக்கவில்லை.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்துப் பதினான்கு பதில்கள் தயாரித்து வைத்திருந்தான். அவள் கத்தவில்லை.

"ஒரு கூடைகூட?"

"அரைக் கூடைகூட."

"சரி. எழுதிக் குடு."

"இன்னாது?"

"நாளைக்கு இந்திராணி வந்து, உன் புருசன் பொய் சொல்றான்னு என் குடுமியைப் பிடிப்பா. எழுத்துல இருந்தா காட்டிடுவேன்ல?"

தன் கையெழுத்தின் மேல் சாலமனுக்கு ஒரு கர்வம் உண்டு. உட்கார்ந்தான். 'எனக்குச் சொந்தமான கார், இதன் மூலம், கூடை முதலிய எந்தப் பாரமும் ஏற்றத் தகுதியற்றது என்று உறுதி கூறுகிறேன்' என்று முத்து முத்தாக எழுதினான்.

"தேதி போடு."

"வீட்டுக் கடுதாசிக்குத் தேதி எதுக்கு?"

"தேதி போடாத கடுதாசி செல்லாதுயா. ரெண்டு வருசமா மனு எழுதறவளுக்குத் தெரியாதா?"

தேதி போட்டான். அவள் கடுதாசியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். செய்தித்தாளில் இருந்த வளையங்களைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "குழம்புச் சட்டிக்கு அடியில வைக்கப் பிரிமணை ஆச்சு" என்று உள்ளே போய்விட்டாள்.

இவ்வளவு சுலபமாக எந்தப் போராட்டமும் வென்றதில்லை. அதைச் சாலமன் சந்தேகித்திருக்க வேண்டும்.

மறுநாளிலிருந்து கூடைகள் மாட்டு வண்டியில் போயின. பெண்கள் இரண்டு மணி நேரம் முன்னதாகக் கிளம்பினார்கள். செசிலியா சும்மாடு சுற்றுவதைப் பார்த்தபோது சாலமனுக்குள் ஏதோ உரசியது. மட்காடு அல்ல. ஆனாலும் தீர்மானம் தீர்மானம்தான். காரைச் சோப்புப் போட்டுக் கழுவினான். பூனைகள் கலைந்தன.

ஆனால் ஊர் கலையவில்லை. இந்த ஊரில் படகு நிறைந்து வருகிறதா வெறுமையாக வருகிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்வதில்லை. தண்ணீரில் எவ்வளவு தாழ்ந்து வருகிறது என்று பார்த்தே சொல்லிவிடுவார்கள். சாலமனின் கார் தாழ்ந்து வந்ததா, கடைத்தெருவே திரண்டது.

"இன்னா சாலமன், இன்னிக்கு செம பாடா? வலை நெறைய மாட்டிச்சா? இறாலா, நண்டா?" என்று கூடையோடு ஓடி வந்தார் பரக்கத் பீவி.

"ஒண்ணும் இல்ல பாட்டிம்மா. வெறும் வண்டி."

"வெறும் வண்டியா இப்படி அமுங்கி வரும்? யாருக்குப்பா ஒளிச்சு வெச்சிருக்கே? ஊர்க்காரிக்குக் குடுக்கமாட்டியா?"

ஒவ்வொரு நாளும் டிக்கியைத் திறந்து காட்ட வேண்டியிருந்தது. ஊருக்காவது காட்டலாம். ஆந்திராவிலிருந்து அரிசி கடத்துகிறார்கள் என்று திருப்பாலைவனம் தாண்டிச் சோதனைச் சாவடி போட்டிருந்தார்கள். அங்கே கேட்ட கேள்வி வேறு மாதிரி.

"இன்னா ஏத்திக்கினு வர்ற?"

"ஒண்ணும் இல்ல சார்."

"ஒண்ணும் இல்லாததுக்கா வண்டி இப்படிக் குந்திக்கினு வருது?"

"அழகுக்கு சார்."

"அழகா? எறங்கு கீழ."

வண்டியை இறக்கியவனை அவர்கள் தினம் இரண்டு முறை இறக்கினார்கள். சாலையும் தன் பங்குக்குச் சாலமனைத் தண்டித்தது. சின்னக் கல் தட்டினால் காரின் வயிறு கதறியது. பள்ளத்தில் இறங்கினால் பல் கிட்டித்தது. பல் டாக்டர் வீட்டு வண்டி பழைய தொழிலை மறக்கவில்லை. பஷீர் பாய் வீட்டு மறுவீட்டு விருந்துக்கு நான்கு பேர் ஏறினார்கள். டயர் உரசி எழுந்த புகையைப் பார்த்து நான்கு பேரும் பாதி வழியில் குதித்தார்கள். வாடகை குறைந்தது. அழகு மட்டும் குறையவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை செசிலியா சொன்னாள். "அனுப்பம்பட்டு ரயிலடிக்கு ஒரு ஆபீசர் வர்றாரு. கூட்டியாந்துடுயா. ஒத்தை ஆளுதான், பாரமில்ல."

ஒற்றை ஆள், உண்மைதான். ஆனால் அவர் மூன்று ஆள் பருமன். அவர் ஏறியதும் கார் பெருமூச்சு விட்டது. முதல் பள்ளத்தில் அவர் தலை கூரையில் மோதியது. இரண்டாவது பள்ளத்தில் மூக்குக் கண்ணாடி கழன்றது. மூன்றாவது பள்ளத்தில் "முருகா" என்றார். சோதனைச் சாவடியில் அவரையும் இறக்கி, அவர் பையையும் திறந்து பார்த்தார்கள்.

"ஏம்பா, இந்த வண்டியிலதான் பழவேற்காட்டுப் பொம்பளைங்க இறால் கொண்டு போறாங்களா?" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டே கேட்டார் அதிகாரி.

சாலமன் நெஞ்சை நிமிர்த்தினான். "இந்த வண்டியிலயா? அரைக் கூடை ஏறாது சார்! நான் ஏத்தவிடமாட்டேன்!"

அதிகாரி சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து எதையோ குறித்துக்கொண்டார். பள்ளத்தில் எழுத்து கோணியது. கருத்து கோணவில்லை.

பழவேற்காட்டில் பத்துப் பெண்களும் காத்திருந்தார்கள். அதிகாரி இறங்கினார். நிமிர ஐந்து நிமிடம் ஆனது.

"உங்க மனு ஏன் மூணு தடவை திரும்பிச்சு தெரியுமாம்மா? ஊர்ல ஒரு கார் இருக்கு, கூடையெல்லாம் அதுல போவுதுன்னு ரிப்போர்ட். வாகன வசதி ஏற்கெனவே உள்ளதுன்னு எழுதிட்டாங்க. அந்த வசதியில நானே வந்து பார்த்துட்டேன்." கையிலிருந்த மனுக் காகிதக் கட்டில் ஒரு தாளைத் தட்டினார். "ஓனரே எழுதிக் குடுத்துட்டாரு. நேர்லயும் சொல்லிட்டாரு. இனி மறுக்க ஒண்ணும் இல்ல."

சாலமன் எட்டிப் பார்த்தான். முத்து முத்தான கையெழுத்து. தேதியும் இருந்தது.

ஒன்றரை மாதத்தில் நீல நிற வேன் வந்தது. பத்துக் கூடை, பத்துப் பெண், மேலே ஐஸ் பெட்டி. எல்லாம் ஏறியும் வேன் ஒரு விரல்கூட அமுங்கவில்லை. இந்திராணி குலவையிட்டாள். விசில் ஊதும் கண்டக்டரின் பஸ் பக்கத்தில் நின்றபோது, ருக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயாலேயே விசில் அடித்துக் காட்டினாள். உரிமை கிடைத்த நாளில் மனிதர்களுக்கு ஒரு முகம் வரும். சாலமனுக்கே அதைப் பார்த்துக் கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடு கேட்டான்.

"யாரு டிரைவர்?"

"ஊர்ல லைசென்சு வெச்சிருக்கறது ஒரே ஆளு" என்றாள் செசிலியா.

"நானா? இறால் வண்டியா? நான் ஒரு தீர்மானம் போட்டிருக்கேன்!"

"தெரியுமே. அன்னிக்குக் கண்ணாடி முன்னாடி நின்னு கத்தினியே. உன் கார்ல கூடை ஏறாதுன்னுதானே தீர்மானம்? ஏறலையே. நிறைவேறிப் போச்சே! கார் உன்னுது, ஞாயித்துக்கிழம சர்ச்சுக்கு நம்ம ரெண்டு பேரும் போவலாம். இது சங்கத்துது. டிரைவர் சார், ஏறுங்க. எறக்கினது போதும்."

ஏறினான். ஜன்னல் வழியே ஏரி முழுவதும் தெரிந்தது. உயரமும் ஒரு அழகுதான் என்று அவனுக்கு முதல் முறையாகத் தோன்றியது. சோதனைச் சாவடியில் கை காட்டி அனுப்பினார்கள்.

சந்தையிலிருந்து திரும்பிய மதியம் செசிலியா இறால் குழம்பு வைத்து, தானே பரிமாறினாள். பெரிய இறால்களெல்லாம் அவன் தட்டுக்கு வந்தன. சாலமன் மனம் நிறைந்து இரண்டாம் முறை சோற்றுக்குக் கை நீட்டியபோதுதான் கவனித்தான். குழம்புச் சட்டிக்கு அடியில் ஒரு இரும்பு வளையம். ரசச் சட்டிக்கு அடியில் ஒன்று. சோற்றுப் பானைக்கு அடியில் ஒன்று. தண்ணீர்ச் சொம்புக்கு அடியில் இன்னொன்று.

"செசிலி, மாணிக்கம் என்கிட்ட குடுத்தது ரெண்டுதானே? இங்க நாலு கீது?"

அவள் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

"ரெண்டு நீ வெட்டச் சொன்னது. ரெண்டு நான் வெட்டச் சொன்னது."