மைனர் பங்கும் பாறைக்காடும்

பூவாத்தாள் பேனாவை வாங்கினாள். மூடியைக் கழற்றினாள். கையெழுத்து மட்டும் போடவில்லை.

"போடுங்க நங்கையா" என்றான் மயில்சாமி. அவள் அவனுடைய காலமான அண்ணனின் மனைவி.

"எம்பட பங்குக்கு நான் போட்டர்றனுங்க. புள்ளைக ரெண்டும் மைனராச்சுங்களே. அதுக பங்கையும் நானே உட்டுக் குடுத்தாச் செல்லுங்களா?"

பத்திர எழுத்தர் கிட்டுசாமி உதட்டைப் பிதுக்கினார். "கோர்ட்டு அனுமதி இல்லாமச் செல்லாதுங்க."

மயில்சாமிக்கு எரிச்சலாக வந்தது. அந்த எண்பத்தெட்டாம் வருஷத்தில் திருப்பூரில் ஆளாளுக்குப் பனியன் கம்பெனி வைத்துவிட்டார்கள். அவன் மட்டும் இன்னும் அடுத்தவன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அப்பா விட்டுப்போன பழைய குடோன் முழுதாகக் கைக்கு வந்தால் அவனும் முதலாளிதான். ஆனால் அதில் பாதி அண்ணன் குடும்பத்துக்குச் சேர வேண்டியது. அதை விடுதலைப் பத்திரத்தில் எழுதி வாங்கத்தான் ஒரு பட்டுச்சேலையும் ஒரு போசி ஊத்துக்குளி நெய்யும் கொடுத்து அண்ணியை அழைத்து வந்திருந்தான்.

கோர்ட்டுக்குப் போனான். "இதில் மைனர்களுக்கு என்ன லாபம்?" என்று கேட்டார் ஜட்ஜ். நெய்யை எப்படிச் சொல்வது?

வேறு வழியில்லாமல், எப்போதோ மலிவாக வாங்கிப் போட்டு, பிறகு எட்டிக்கூடப் பார்க்காத பொங்கலூர்ப் பாறைக்காட்டு நிலத்தை மாற்றாகத் தர ஒப்புக்கொண்டான்.

"வெறும் பாறைக்குக் குடோன உட்டுக் குடுக்க ஜட்ஜு ஒத்துக்குவாருங்களா, கொழுந்தனாரே?" என்று கவலைப்பட்டாள் பூவாத்தாள்.

அதுவும் நியாயம்தான். மயில்சாமி கிட்டுசாமியிடம் ஓடினான். "குடோன நல்லா மட்டந்தட்டி, காட்டத் தூக்கி வெச்சு மனு எழுதுங்க."

மறுநாளே மனு தயார். குடோனின் சுவர் பிளந்திருக்கிறது. கூரை எந்நேரமும் தலையில் விழும். உள்ளே போனால் உயிருக்கு உத்தரவாதமில்லை. காடோ புதுத் தார் ரோட்டை ஒட்டியது. எவ்வளவு கனமான மெஷினையும் தாங்கும் பூமி. எப்பேர்ப்பட்ட புளுகு என்று ரசித்துப் படித்த மயில்சாமி, அத்தனையும் சத்தியம் என்று கையெழுத்துப் போட்டான்.

ஆறு மாதம் அலைந்ததில் அனுமதி கிடைத்தது. குடோனும் முழுதாகக் கைக்கு வந்தது. பெயர்ப்பலகை எழுதி, மெஷின்களை இறக்கி, லைசென்ஸ் கேட்டு விண்ணப்பித்தான். சொத்துக்கு ஆதாரமாகக் கோர்ட்டுக் காகிதங்களையும் ஒன்று விடாமல் இணைத்தான்.

அவற்றைக் கையில் பிடித்தபடியே வந்தார் ஃபேக்டரி இன்ஸ்பெக்டர். "உள்ள போனா உயிருக்கு உத்தரவாதமில்லைன்னு நீங்களே சத்தியம் பண்ணியிருக்கீங்க. வேலைக்கு நாப்பது பேர எப்படி உள்ள விடறது?"

"அது சும்மா எழுதினதுங்க சார்."

"அப்ப கோர்ட்ல பொய் சொன்னீங்களா?"

லைசென்ஸ் இல்லையென்று ஆகிவிட்டது. கொடுத்த காட்டையாவது பார்க்கலாமென்று மயில்சாமி பொங்கலூருக்குப் போனால், தார் ரோடு நிஜமாகவே இருந்தது. ரோட்டோரப் பாறை மேல், பூவாத்தாளிடம் வாடகைக்குப் பேசிய எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்று கட்டடம் எழுப்பிக்கொண்டிருந்தது.

நேராகக் கிட்டுசாமியிடம் வந்தான். "ஏனுங்க, மட்டந்தட்டச் சொன்னா குடோன இடிச்சே போட்டுட்டீங்களே. அங்க ரோடு வந்தது உங்களுக்கு எப்படீங்க தெரியும்?"

கிட்டுசாமி டைப்ரைட்டரிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "எனக்கென்னங்க தெரியும்? உங்க நங்கையா வந்து உக்காந்து சொல்லச் சொல்ல அடிச்சதுதானுங்க அத்தனையும்."