போன வருஷத்து விருந்து வீடியோ

"காணோம் அண்ணே. போன வருஷ விருந்து வீடியோ பேக்கப் கேட்லாக்லயே இல்ல."

பெய்-ஷான் கையைப் பிசைந்தாள். எந்தக் கோப்பு எந்தக் காந்த நாடாவில் கிடக்கிறது என்று தைவானின் அந்தச் சிஞ்சு நகர அலுவலகத்தில் கேட்லாக் ஒன்றுக்குத்தான் தெரியும். அதன் அட்டவணைகளைக் கட்டிக் காப்பது அவள் வேலை. அந்த வேலை நிரந்தரமாக மேனேஜர் லியாவ் கையெழுத்துப் போட வேண்டும். வீடியோ இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னவரும் அவரே.

"கிடைக்கலன்னா பரவால்லம்மான்னார்."

"மேனேஜர் பரவால்லன்னா பரவால்லன்னு அர்த்தமா?" பக்கத்து இருக்கை குவோ சிரித்தான். "ராத்திரி இந்த வருஷ விருந்து. திரையில போடத்தான் கேக்கறார். தேடு!"

தேடினாள். வினை ஆண்டுக் கட்டத்தில் இருந்தது. பாதிப் பேர் தைவான் கணக்கில் 113 என்று எழுதியிருந்தார்கள். மீதிப் பேர் அதே ஆண்டை 2024 என்று. இரண்டு கணக்குக்கும் 1911 வித்தியாசம்.

இனி ஆங்கில ஆண்டு மட்டும்தான் என்று கட்டத்தை மாற்றினாள். கேட்லாக் அந்த 113-ஐ அப்படியே நம்பிவிட்டது. ஆயிரத்துத் தொள்ளாயிரம் வருஷப் பழசா? காலாவதி! மளமளவென்று பதிவுகளை அழிக்கத் தொடங்கியது.

"ஐயோ, நிறுத்து, நிறுத்து!" என்று அலறினான் குவோ.

நிறுத்தினாள். பதற்றத்தில் எல்லா ஆண்டோடும் 1911-ஐக் கூட்டினாள். 113 சரியாயிற்று. 2024 மட்டும் 3935 ஆகிவிட்டது. இன்னும் பிறக்காத ஆண்டின் பேக்கப்பை யார் நம்புவது? கேட்லாக் அனைத்தையும் புதிதாக நகலெடுக்கக் கிளம்ப, அலுவலகக் கணினிகள் மூச்சுத் திணறின.

தொலைபேசியில் லியாவ். "என்னம்மா, ஏதோ அழிஞ்சுபோச்சாமே? அந்த வீடியோவுமா?"

"விடமாட்டேன் சார்! எப்படியும் எடுத்துடுவேன்!"

"வேணாம்மா. வீட்டுக்குப் போ, நல்லா தூங்கு."

எவ்வளவு தங்கமான மனுஷன்! பெய்-ஷானுக்குக் கண் கலங்கியது. மூவாயிரத்தைத் தாண்டிய ஆண்டுகளில் மட்டும் 1911-ஐக் கழித்தாள். எப்போது அழிந்திருந்தாலும் சரி, அழிந்த பதிவுகளையெல்லாம் நாடாக்களிலிருந்தே மறுபடி படிக்க வைத்தாள். சாயங்காலம், சமர்த்தாக வந்து நின்றது வீடியோ.

விருந்து மண்டபத்தின் பெரிய திரையில் லியாவ் தோன்றினார். சிவப்புக் கல்யாண கவுன், உதட்டுச் சாயம், இடுப்பை ஒடித்து ஒரு குத்தாட்டம். மண்டபமே குலுங்கிச் சிரித்தது. சிலர் சாப்பாட்டுக் குச்சிகளால் தட்டில் தாளம் போட்டார்கள். நிஜ லியாவ் மேஜைத் துணியால் முகத்தை மூடிக்கொண்டார்.

"பாவம், சந்தோஷத்துல அழறார்," என்றாள் பெய்-ஷான் பெருமையாக.

பக்கத்தில் இறால் உரித்துக்கொண்டிருந்த அவருடைய செயலாளர் அம்மாள் நிமிர்ந்தார்.

"அதை உக்காந்து அழிச்சதே அவர்தாம்மா. எங்கயாவது மிச்சம் இருக்கான்னு பாக்கத்தான் உன்னைத் தேடச் சொன்னார்."