என் கைபேசியின் காதை அடைத்த கதை

அன்புத் தம்பிக்கு,

அக்கா ஆசிகளுடன் எழுதுவது. நானும் உன் அத்தானும் நலம். நீ வாங்கித் தந்த கைபேசி மட்டும் செத்துப் பிழைத்திருக்கிறது. உன் அத்தான் முந்திக்கொள்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

எனக்குக் கொஞ்ச நாளாகக் காது மந்தம். பாட்டு டீச்சருக்கே காது கேட்காது என்று வெளியே தெரிந்தால் பிழைப்பில் மண்தான். அதனால் உன் அத்தானிடம்கூட மூச்சு விடாமல் கைபேசியில் மட்டும் காது மெஷின் எது நல்லது என்று தேடினேன், அவ்வளவுதான், மறுநாள் வகுப்பில் சுருதி ஆப்பைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்தால் பாட்டையே காணோம், திறந்து பார்த்தால் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குகிறார்கள், "என்னடி சிரிப்பு?" என்றால் அவர்களில் பெரியவள், "டீச்சர், உங்க போன் 'காது கேக்கலையா'ன்னு கத்துது" என்கிறாள். அந்த விளம்பரமும் என் காதில் விழவில்லையடா!

அன்றே முடிவு கட்டினேன்: வீட்டுக்குள் ஒற்றன் இருக்கக் கூடாது. கைபேசியை லேப்டாப்பில் மாட்டி, அதை இயக்கும் பழைய சிஸ்டத்தை வழித்தெறிந்துவிட்டு, வேவு பார்க்காத வேறொன்றை ஏற்றினால், பாதியில் கேபிள் ஆடித் திரை கறுத்துவிட்டது. உன் அத்தான் எட்டிப் பார்த்து, "கல்லாக்கிட்டியா?" என்றார். "கல்லுன்னா கல்லு. கோள் சொல்லாது இல்ல?" என்று சொல்லிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். ஒருவழியாக உயிர் வந்தது. ஆப்களையும் வழக்கமான கடையில் எடுக்கவில்லை. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் திறந்து பார்க்கக்கூடிய ஆப்களை மட்டும் வைத்திருக்கும் கடை ஒன்று இருக்கிறது. அங்கே எடுத்த சுருதி ஆப் என்னிடம் எதுவுமே கேட்கவில்லை. பழையது என் போனில் உள்ள எல்லா நம்பரையும் கேட்டது. சுருதி சேர்க்க நம் சித்தி நம்பர் எதற்கு?

பேங்க் ஆப் மட்டும், "இந்தப் போனில் பாதுகாப்பு இல்லை" என்று முகத்திலடித்தாற்போல் மூடிக்கொண்டது. வாசலுக்குப் புதுப் பூட்டுப் போட்டால் திருடன்தானே கோபித்துக்கொள்ள வேண்டும்? இங்கே காவல்காரன் கோபித்துக்கொள்கிறான்! போகட்டும், பேங்குக்கு நடக்கிறேன், வரிசையில் நிற்கிறேன், பின்வாங்க மாட்டேன்.

நீயும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள். உன் வீட்டுக்காரியைக் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
உன் அக்கா

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது வகுப்பின் பெரியவள் வந்து, "கோவிச்சுக்காதீங்க டீச்சர், நாங்க ரொம்ப நாளாவே உங்களுக்காகத்தான் கத்திப் பாடறோம்" என்றாள். உன் அத்தானோ, "நானும் அப்படித்தான் பேசிட்டிருக்கேன்" என்கிறார். அழுதுவிட்டு, நேரே போய் மெஷின் வாங்கிவிட்டேன். அதை இயக்கும் ஆப் பழைய சிஸ்டத்தில் மட்டும்தான் ஓடுமாம். உன்னிடம் பழைய போன் ஏதாவது சும்மா கிடந்தால் உடனே அனுப்பு. சிம் வேண்டாம், அது மெஷினோடு மட்டும் பேசினால் போதும்.